அரைக் கிலோவோடு கால் கிலோ: நோட்டில் மட்டும் ஏன் தப்பாகிறது?

நாலாம், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியர்களின் கண்ணில் அடிக்கடி படும் தவறு ஒன்று உண்டு. 1/2-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால், பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதிவிடும். அதே பிள்ளையிடம் அரைக் கிலோ இறாலோடு கால் கிலோ சேர்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். முக்கால் கிலோ என்பதோடு நிற்காமல், அதற்கு என்ன காசு என்பதையும் சொல்லும்.

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்த ராமநாதபுரம் கடற்கரையில் பல பிள்ளைகள் எடையும் காசும் புழங்கும் வீடுகளில்தான் வளர்கிறார்கள். அதனால் "எம்புள்ளைக்குக் கணக்கு ஏறாது டீச்சர்" என்று ஒரு தாய் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஏறித்தான் இருக்கிறது. நோட்டுக்குத்தான் வந்து சேரவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 1985-ல் வெளிவந்தது. விற்கும்போது கிட்டத்தட்ட எல்லாக் கணக்கையும் சரியாகச் சொன்னவர்கள், அதையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்ததும் தடுமாறினார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே நிலைதான். பள்ளிக்கு மட்டுமே போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியதையும் அதில் பார்த்தார்கள். இரண்டும் தானாக ஒட்டாது. யாராவது சேர்த்துவைக்க வேண்டும்.

2/6 எழுதிய பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்லி அழிக்கச் சொன்னால் அடுத்த வாரமும் 2/6-தான் வரும். "அரைக்குள்ள எத்தனை கால் இருக்கு?" என்று கேளுங்கள். "ரெண்டு" என்று உடனே சொல்லும். அப்படியானால் 2/4-ஓடு 1/4, மொத்தம் 3/4. அதோடு விட்டுவிடாமல் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, அரையைவிடக் குறைவு. அரைக் கிலோ இருந்த தட்டில் இன்னும் கொஞ்சம் போட்ட பிறகு எடை குறையுமா? இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்ன பிள்ளை, பிறகு 2/6 என்று எழுதக் கை வந்தாலும் நின்று பார்க்கும்.

கழித்தலும் இப்படித்தான். 305-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 273 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அது தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. மீதிச் சில்லறை கொடுப்பதுபோலச் செய்யச் சொல்லுங்கள்: 178-க்கு 2 போட்டால் 180, இன்னும் 20 போட்டால் 200, அதன்மேல் 105. மொத்தம் 127. பிறகு கடன் வாங்கிக் கழிக்கும் முறையை இதன் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால், பத்து எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

தசமத்துக்கு மின்னணுத் தராசைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை. 1.25 பெரியதா, 1.5 பெரியதா என்றால் பலரும் 25-ஐப் பார்த்து முதலாவதைச் சொல்வார்கள். தராசில் அது 1.250, இது 1.500. பார்த்ததும் விளங்கிவிடும்.

"நான் கைநாட்டு, எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கும் அம்மாக்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஏலம் எடுத்து, கூறு போட்டு, லாபம் பார்க்கிற உங்களுக்குத் தெரிந்த கணக்கு சாதாரணமானதல்ல. விடை சரியா என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லும்போதே தன் தவறைத் தானே பிடிக்கும் பிள்ளைகள் பலர். கணக்கைத் தொடங்குமுன் "ஏறக்குறைய எவ்வளவு வரும்?" என்று கேட்பதும் நல்ல பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் மேல். அதிலும் ஒரே வகைக் கணக்கு இருபது வேண்டாம். இன்றைய பாடத்தில் மூன்று, போன மாதத்தில் இரண்டு என்று கலந்து கொடுங்கள். வாய்ப்பாட்டை "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு" என்று வரிசையாகப் பாடுவது நல்ல தொடக்கம்தான். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்றதும் முதலிலிருந்து பாடித்தான் வர முடிகிறது என்றால் இன்னும் கைக்கு வரவில்லை. நாலேழு 28, அதன் இரட்டிப்பு 56 என்று வழி கண்டுபிடிக்கப் பழக்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் காசு நெருக்கடி என்பது தெரியும். ஆனாலும் அப்பா வீட்டில் இருக்கும் காலம் அது. வலை பழுது பார்க்கையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துண்டில் குறுக்கே எத்தனை கண்ணி, நெடுக்கே எத்தனை, மொத்தம் எத்தனை என்று கேட்கலாம். பெருக்கல் அங்கே கண்ணெதிரே கிடக்கிறது. இதற்காகப் பள்ளி நாளில் பிள்ளையை வேலைக்கு நிறுத்தாதீர்கள். பின்னம் தொடங்கும் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் தசமம்வரை இடிக்கும்.

ஐந்தாம் வகுப்பிலும் 52, 25 இரண்டில் எது பெரியது என்று பிள்ளை தடுமாறினால் முதலில் கண்பார்வையைச் சோதியுங்கள். பிறகு வட்டார வளமையத்தில் கற்றல் சிரமமுள்ள பிள்ளைகளுக்கென இருக்கும் சிறப்பாசிரியரைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மற்றவர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது மதிப்பெண் அட்டையோடு கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்த வகைக் கணக்கில், எந்த வரியில் பிள்ளை நிற்கிறது என்று ஆசிரியரைக் காட்டச் சொல்லுங்கள்.