டெய்ட்டியில் கணினிக்கு மூளை வளர்கிறதா?

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நகரங்களையும் படைகளையும் வளர்த்து ஆடும் ‘சிவிலைசேஷன் 6’ கணினி விளையாட்டில் ‘பிரின்ஸ்’ நிலையில் சுலபமாக ஜெயிக்கிறேன். ‘டெய்ட்டி’க்குப் போனால் நூறு சுற்றுக்குள் மண்ணைக் கவ்வுகிறேன். அங்கே கணினி கூடுதலாக யோசிக்கிறதா?”

இல்லை, தம்பி. அதன் மூளை ஏறக்குறைய அதேதான். மாறுவது அதன் பணப்பெட்டி.

விளையாட்டில் எட்டுக் கடினநிலைகள். நான்காவதான பிரின்ஸில் யாருக்கும் சலுகை கிடையாது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் கணினியின் அறிவியலும் பண்பாடும் 8 சதவீதம், உற்பத்தியும் பொன்னும் 20 சதவீதம், போர்வலிமை 1 புள்ளி கூடும். டெய்ட்டி நான்கு படி மேலே இருக்கிறது. ஆக 32, 80, 4. போதாக்குறைக்கு நீங்கள் நகரம் நிறுவும் குடியேறி ஒரே ஒருவருடன் தொடங்கும்போது கணினி மூன்று பேருடன் தொடங்குகிறது. மீதியைக் கூட்டு வட்டி பார்த்துக்கொள்ளும். அதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

சலுகை கொடுப்பதற்குப் பதில் அறிவைக் கொடுத்தால் என்ன? 1997இல் டீப் புளூ என்ற கணினி உலகச் சதுரங்க சாம்பியன் காஸ்பரோவையே வீழ்த்தவில்லையா? சதுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு காயைத்தான் நகர்த்த வேண்டும். பலகை முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பதினைந்து படைகளையும் அத்தனை நகரங்களையும் ஒருசேர நடத்த வேண்டும், வரைபடத்தில் பாதி இருட்டு, கணக்கெல்லாம் வீட்டுக் கணினியில் சில நொடிகளில் முடிந்தாக வேண்டும். எம்.ஐ.டி.யில் ரெஜினா பார்சிலே குழுவினர் 2011இல் ஓர் அழகான காரியம் செய்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீசிவ் விளையாட்டை ஆடும் நிரலுக்கு விளையாட்டின் கையேட்டைப் படிக்கக் கொடுத்தார்கள். அதன் வெற்றி 46 சதவீதத்திலிருந்து 79 ஆனது. நம் ஊரில் இப்படி ஒரு திட்டத்துக்கு நிதி கேட்டால் “விளையாட்டுக்கா பணம்?” என்று கோப்பு திரும்பி வந்துவிடும் என்பது என் சந்தேகம். மொழியைப் படித்துச் செயல்படும் இயந்திரத்துக்கு இதைவிட மலிவான சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்?

சரி, போர்வலிமையில் கூடும் அந்த 4 புள்ளிக்கு வருகிறேன். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த சூத்திரம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு படைக்கும் உயிர் 100. இரண்டு படைகள் மோதினால் ஒன்று மற்றொன்றுக்கு இழைக்கும் சேதம் 30 × e^(0.04 × வலிமை வித்தியாசம்); e என்பது ஏறக்குறைய 2.718. இதன்மேல் தற்செயலாகக் கொஞ்சம் கூடும், குறையும். சூத்திரத்தில் இருப்பது வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். விகிதத்துக்கு அங்கே இடமே இல்லை. 20க்கும் 24க்கும் நடக்கும் சண்டையும் 80க்கும் 84க்கும் நடக்கும் சண்டையும் ஒன்றே. சதுரங்க வீரர்களின் ஈலோ தரப்புள்ளியும் இதே சாதிதான். 400 புள்ளி வித்தியாசம் என்றால் வெற்றி வாய்ப்பு பத்துக்கு ஒன்று. நீங்கள் 1200இல் இருக்கிறீர்களா, 2400இல் இருக்கிறீர்களா என்பது பொருட்டே இல்லை.

சமவெளியில் உங்கள் ஆதிகால வீரர் படைக்கு வலிமை 20, டெய்ட்டி எதிரியின் அதே படைக்கு 24. அவன் அடித்தால் உங்களுக்கு 35 போகும், அவனுக்கு 26தான். மூன்று மோதலில் நீங்கள் காலி. அவனிடம் இருபதுக்கு மேல் மிச்சமிருக்கும். இப்போது அதே படையை ஆற்றங்கரைக் குன்றின்மேல் ஏற்றுங்கள். குன்றுக்கு 3. இரண்டு சுற்று அசையாமல் அரண் அமைத்தால் 6. ஆற்றைக் கடந்து அவன் தாக்க வேண்டியிருந்தால் இன்னும் 5. மொத்தம் 34. வித்தியாசம் 10, அதுவும் உங்கள் பக்கம். இனி அவன் ஒருமுறை மோதினால் உங்களுக்கு 20 போகும், அவனுக்கு 45. பின்னால் நிற்கும் வில்லாளர் படைகள் இரண்டு, திருப்பி அடிவாங்காமல், ஆளுக்கு முப்பதுக்கு மேல் கழித்துவிடும். அதே சுற்றில் அவன் கதை முடிந்தது. எண்பது சதவீதக் கூடுதல் உற்பத்தியெல்லாம் ஆற்றோடு போய்ச் சேர்கிறது. கணினியோ அடுத்த படையையும் அதே துறைக்கே அனுப்பிவைக்கும்.

எல்லாம் வெறும் கணக்குதான் என்பதை என் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். சிவிலைசேஷன் 4 காலத்தில் தோற்ற சண்டையை, சேமித்த இடத்திலிருந்து மூன்று முறை திறந்து ஆடிப் பார்த்தார். மூன்று முறையும் அதே தோல்வி. கணினிக்குத் தன்மேல் வன்மம் என்று முடிவு கட்டினார். திரைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்காததுதான் பாக்கி. அந்த விளையாட்டில் ‘தற்செயல்’ எண்கள், முந்தைய எண்ணை 1103515245ஆல் பெருக்கி 12345ஐக் கூட்டிப் பிறப்பவை. நாம் சேமிக்கும்போது கடைசி எண்ணும் சேர்ந்தே சேமிக்கப்படும். அமைப்பில் அதை மாற்றச் சொல்லாதவரை வரிசை மாறாது. சண்டையை முன்பின்னாக ஆடியிருந்தாலே அவருக்கு வேறு எண் விழுந்திருக்கும்.

சூத்திரம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. 30 புள்ளி வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள்: 99.6. ஒரே அடியில் ஒரு படை சாகும். துப்பாக்கிப் படையின் வலிமை 55. டெய்ட்டி எதிரி அதனுடன் வந்து நிற்கும்போது சமவெளியில் நீங்கள் இன்னும் அந்த 20ஐ வைத்திருந்தால் வித்தியாசம் 39. சேதம் 140ஐத் தாண்டும். நீங்கள் திருப்பிக் கொடுப்பது ஆறு.

டெய்ட்டியில் நான் நான்கு முறை தோற்றிருக்கிறேன். மூன்றில் என் எல்லையில் ஆறே இல்லை. நான்காவதில் இருந்தது; நான்தான் அதைக் கடந்துபோய்த் தாக்கினேன்.