கேபிளை அறுக்க நீர்மூழ்கி தேவையில்லை, நங்கூரம் போதும்

இணையத்தைச் சுமக்கும் கடலடி கேபிள் அறுந்ததாகச் செய்தி வந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "எந்த நாட்டு நீர்மூழ்கி?" கேபிள் பழுதுபார்க்கும் கப்பலில் வேலை செய்பவனுக்கு ரகசியம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். போன வாரமும் அதே கேள்வி. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கேபிள் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது, அங்கே நீர்மூழ்கிதான் போக முடியும் என்ற எண்ணம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். நடுக்கடலில் ஆழம் உண்டுதான். ஆனால் எந்தக் கேபிளும் கரையேறித்தானே ஆக வேண்டும்? ஆழம் குறைந்த அந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் அடிபடுகிறது. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சராசரி ஆழமே சுமார் 55 மீட்டர். சரக்குக் கப்பலின் நங்கூரச் சங்கிலி அதைவிடப் பல மடங்கு நீளம். உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று, நங்கூரமும் மீன்பிடி வலையும் செய்தவை.

அறுந்த முனை மேல்தளத்துக்கு ஏறியதும், நங்கூரம் இழுத்தது என்றால் எங்களுக்கே தெரிந்துவிடும். காப்புக்குச் சுற்றிய எஃகுக் கம்பிகள் முறுக்கு அவிழ்ந்து விரிந்து நிற்கும். கருப்பு உறை இழுபட்டு மெலிந்திருக்கும். உள்ளே செம்புக் குழாய் நசுங்கிக் கிடக்கும். கத்தி வைத்து அறுத்த மாதிரி ஒருநாளும் இருக்காது. அப்புறம் தலைமுடி அளவு கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். கப்பல் ஆடினாலும் கை ஆடக் கூடாது.

சரி, அப்படியானால் சதியே கிடையாதா? உண்டு. 1914 ஆகஸ்ட் 5 அன்றே பிரிட்டனின் அலர்ட் கப்பல் ஜெர்மனியின் தந்திக் கேபிள்களை அறுத்தது. 2022 செப்டம்பரில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் 2023 அக்டோபரில் பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயைக் கிழித்தது நங்கூரம். 2024 கிறிஸ்துமஸ் அன்று எஸ்ட்லிங்க் 2 மின்கேபிள் அறுந்தபோதும், அந்த வழியே போன எண்ணெய்க் கப்பலின் நங்கூரத்தைக் கடலடியிலிருந்துதான் எடுத்தார்கள். வேண்டுமென்றே இழுத்தார்களா, தவறி விழுந்ததா என்பதை நிரூபிப்பது மிகக் கடினம். கேபிளுக்கு இரண்டும் ஒன்றுதான். பாதுகாப்பும் ஒன்றுதான்: நங்கூரத்தைக் கவனிப்பது.

போர்க்கப்பல்கள் சுற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேட்டோ 2025 ஜனவரியில் பால்டிக்கில் தனிக் கண்காணிப்பே தொடங்கியது. கேபிளின் இழையையே காதாக்கி, அருகே இழுபடும் நங்கூரத்தின் அதிர்வைக் கேட்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. ஆனால் உலகக் கேபிள்களின் நீளம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். எத்தனை கப்பலை நிறுத்துவீர்கள்? போர் மூண்டால் பழுதுபார்க்கப் போவதே பெரும்பாடு. 2024இல் செங்கடலில் மூன்று கேபிள்கள் அறுந்தன. ஏவுகணை பட்டு மிதந்துகொண்டிருந்த ரூபிமார் என்ற சரக்குக் கப்பலின் நங்கூரம் இழுபட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. தாக்குதல் ஓயாத அந்தக் கடலில் பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் இழுத்தது.

ஆகவே கப்பலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தை விட்டதும் நங்கூரத்தைப் பூட்டுங்கள். நங்கூரச் சங்கிலியின் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். வரைபடத்தில் கேபிள் கோடு எதற்குப் போட்டிருக்கிறது? பார்த்துவிட்டு நங்கூரமிடுங்கள். காரணமில்லாமல் வேகம் குறைந்தால் நங்கூரம் இழுபடுகிறதா என்று பார்க்க உடனே முன்தளத்துக்கு ஆள் அனுப்புங்கள். கப்பல் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை அணைக்காதீர்கள்.

மீனவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். வலை கேபிளில் மாட்டினால் இழுக்காதீர்கள், கேபிளை வெட்டவே வெட்டாதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, உயிர் போகும். வலையை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே கவனமாக இருந்தும் கேபிளைக் காப்பாற்ற வலையை இழந்தால், கேபிளின் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்று 1884 பாரிஸ் உடன்படிக்கையிலேயே இருக்கிறது, ஐ.நா. கடல் சட்டத்தின் 115ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நடந்ததையும் இடத்தையும் உடனே எழுதி, கூட இருந்தவர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் துறைமுகம் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் பதிவு செய்யுங்கள்.