உயரமாக இருக்கிறான், சென்டரில் நிற்கட்டும்

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா பாளையங்கோட்டையில் இருக்கும் என் சிகிச்சை அறைக்கு அழைத்து வந்தார். வலது முட்டிக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. "கட்டியாக இருக்குமோ சார்?" என்று கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அதற்குள் ஊரில் ஒருவர் இரண்டு வாரம் எண்ணெய் போட்டு நீவிவிட்டிருந்தார். வலி கூடியதுதான் மிச்சம்.

புடைப்பின் மேல் கட்டைவிரலை வைத்தேன். பையன் காலை இழுத்துக்கொண்டான்.

"என்ன விளையாடுகிறாய் தம்பி?"

"கூடைப்பந்து சார். போன வருஷம் பவர் ஃபார்வர்டு. ஜூன் மாதத்திலிருந்து சென்டர்."

இரண்டும் ஆடுகளத்தில் நிற்கும் இடங்களின் பெயர். சென்டர் என்பவன் கூடைக்கு அடியில் நிற்பவன், பவர் ஃபார்வர்டு அவனுக்குச் சற்று வெளியே. பாதி விடை அந்த ஜூன் மாதத்தில் இருந்தது. பிளஸ் டூ முடித்த பழைய சென்டர் கல்லூரிக்குப் போய்விடுகிறான். குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. பயிற்சியாளரின் கண் அணியில் அடுத்த உயரமான பையன் மேல் விழுகிறது. ஆண்டுதோறும் இதே கதைதான். பயிற்சியாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவரிடம் இருப்பதே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆனால் இடம் மாறும்போது உடம்பு செய்யும் வேலையும் மாறுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பவர் ஃபார்வர்டு பெரும்பாலும் கூடையைப் பார்த்தபடி ஆடுகிறவன். கூடைக்கு நேர் எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் பந்தை வாங்குவான், ஓர் அடி வைத்து எறிவான் அல்லது உள்ளே புகுவான். ஓடி வந்து குதிப்பதால் வேகம் அவனுக்குத் துணை. சென்டருக்கு அந்த வசதி இல்லை. கூடைக்கு அடியில் கோடு போட்டிருக்கும் 4.9 மீட்டர் அகலக் கட்டத்துக்குள், கூடைக்கு முதுகு காட்டி, பின்னால் ஒருவன் இடுப்பில் முட்டிக்கொண்டிருக்க, முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும். தன் அணியிடம் பந்து இருக்கும்போது மூன்று விநாடிக்கு மேல் அங்கே தங்கவும் முடியாது, வெளியே போய் மறுபடி உள்ளே வந்து இடம் பிடிக்க வேண்டும். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் எதிராளியை முதுகால் மறித்து நின்ற இடத்திலிருந்தே குதிக்க வேண்டும். முதல் குதிப்பில் பந்து கிடைக்காவிட்டால் உடனே இரண்டாவது, மூன்றாவது. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையோ நம் பள்ளிகள் பலவற்றில் வெறும் சிமென்ட்.

தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லைக் கடந்து இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில் ஒரு சிறு மேட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளரும் வயதில் அந்த மேடு இன்னும் முழு எலும்பாக இறுகியிருக்காது, குருத்தெலும்பாகவே இருக்கும். பையன்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் எலும்பு மளமளவென்று நீள்கிறது. தசை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் விறைத்து நிற்கிறது. ஒவ்வொரு குதிப்பும் அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கிறது. இழுத்த இடம் வலித்து, மெல்லப் புடைக்கிறது. ஆஸ்குட் ஷ்லேட்டர் என்று இதற்குப் பெயர். பெண் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே வரும். வளர்ச்சி முடிந்து எலும்பு இறுகியதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும், புடைப்பு மட்டும் சிலருக்கு மிஞ்சும். நீவினால் கரையாது. தயவுசெய்து நீவாதீர்கள்.

ஆனால் எல்லா முட்டி வலியும் இதுவல்ல. ஓய்வாக இருக்கும்போதும் வலிப்பது, இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது, வீக்கம் பெருகிக்கொண்டே போவது, காய்ச்சல் சேர்ந்து வருவது, இவற்றில் எது இருந்தாலும் என்னிடம் வராமல் நேரே எலும்பு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். குதிக்கும்போது 'படக்' என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, பிறகு காலை நீட்டவே முடியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்த முறை அப்பாவும் வந்தார். சென்டருக்கு உடம்பு வேண்டும் என்று யாரோ சொல்ல, தினமும் ஆறு முட்டையும் நேந்திரம் பழமும் கொடுத்துவந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ ஏறியிருந்தது. "நல்லதுதானே சார்?" முட்டையின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் குதித்து இறங்கும்போது கால் தாங்குவது உடல் எடையைப்போல் பல மடங்கு. கால் பலப்படும் முன்னே எடையை ஏற்றினால் அந்தக் குருத்துதான் விலை கொடுக்கும்.

பையனைப் படிக்கட்டின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நிறுத்தி, மெதுவாக ஒரு படி இறங்கச் சொன்னேன். வலது முட்டி நேரே போகாமல் உள்பக்கம் சாய்ந்தது, இடுப்பும் கூடவே சரிந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டுதான் கூடைக்கு அடியில் எதிராளிகளைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்ததைச் சொல்வார்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில், 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணி 1.98 மீட்டர் உயரமே உள்ள டிரேமண்ட் கிரீனைச் சென்டரில் நிறுத்தி வென்றது உண்மைதான். மயாமி அணியில் பவர் ஃபார்வர்டு கிரிஸ் பாஷ் சென்டராக மாறி 2012, 2013 இரண்டிலும் கோப்பை வாங்கியதும் உண்மை. ஆனால் பாஷ் நாள் முழுக்கக் கூடைக்கு அடியிலேயே முட்டி மோதிக்கொண்டிருக்கவில்லை, வெளியே வந்து தொலைவிலிருந்தும் எறிந்தார். இருவரும் வளர்ந்து முடித்த ஆண்கள். அவர்களுடைய முட்டியில் குருத்து இல்லை.

இந்தப் பையனுக்கு முதல் மூன்று வாரம் குதிப்பதை நிறுத்தினோம், எறிவதை நிறுத்தவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, வலிக்காத அளவுக்கு மட்டும் அரை நாற்காலிபோல் உட்கார்ந்து 45 விநாடி, அப்படி ஐந்து முறை. படி இறங்கும் பயிற்சி, முட்டி கால் விரல்களுக்கு நேரே இருக்கும்படி கண்ணாடி முன்னால். பிறகு குதிப்பு, எண்ணிக்கை வைத்து. சத்தம் இல்லாமல் இறங்கினால்தான் அடுத்தது. 'தொப்' என்று சத்தம் கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அவனுக்கு இது விளையாட்டாகிவிட்டது, தங்கையை நடுவராக வைத்துக்கொண்டான்.

அவனுடைய பயிற்சியாளரிடம் தொலைபேசியில் பேசினேன். கொஞ்சம் கோபமாகத்தான் ஆரம்பித்தார். "அப்படியானால் என் அணிக்கு யார் சார் சென்டர்?" என்றார். உங்கள் பள்ளியில் கபடி ஆடும் பையன் எவனாவது இருக்கிறானா என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

இப்போது அந்த அணியில் கபடிக்காரன்தான் கூடைக்கு அடியில் மறித்து நிற்கிறான். உயரம் இவனைவிட நான்கு விரற்கடை குறைவு. அவனை அங்கிருந்து அசைக்க முடியவில்லை என்று பயிற்சியாளரே சொன்னார். அவன் மறித்துக் கொடுக்கும் பந்தை எடுப்பது நம் பையன், பழையபடி பவர் ஃபார்வர்டாக.