வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் மருந்து பாட்டிலைத் தேடாதீர்கள்

தொட்டியின் மூலையில் ஒரு கோல்டு பிஷ் துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கிறது. வாலில் ரவை தூவினாற்போல நாலைந்து புள்ளிகள். இதைப் பார்த்த வீட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நீல மருந்து ஒரு மூடி, மஞ்சள் மருந்து ஒரு மூடி, கையில் அள்ளின அளவுக்குக் கல் உப்பு, போதாக்குறைக்கு அன்றைக்கே தொட்டித் தண்ணீர் முழுவதும் மாற்றம். மறுநாள் காலையில் நோய் வந்த மீனோடு, நேற்றுவரை நன்றாக நீந்திய மீன்களும் மிதக்கின்றன. வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஒரே ராத்திரியில் தொட்டியையே காலி செய்யும் வேகம் கிடையாது. அந்த மீன்களைக் கொன்றது அவசரம்.

மீன் சோர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது டெஸ்ட் கிட். மீன் கழிவில் உண்டாகும் அமோனியா, அதிலிருந்து வரும் நைட்ரைட், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். இந்த மூன்றும் தெரியாமல் ஊற்றும் எந்த மருந்தும் குருட்டடிதான். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று கொஞ்சம் காட்டினாலும் உங்கள் மீனுக்கு வந்திருப்பது நோயாக இல்லாமல் நஞ்சாக இருக்கலாம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவது, செவுள் வேகமாக அடிப்பது, உடம்பைக் கல்லில் உரசுவது எல்லாமே இரண்டுக்கும் பொதுவான அடையாளங்கள். ஒரே நேரத்தில் தொட்டியில் உள்ள எல்லா வகை மீனும் மேலே வந்து நின்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு மட்டும் ஒதுங்கினால் நோயைத் தேடுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் போர்த் தண்ணீர் கடினமானது, பல ஊர்களில் ஃப்ளோரைடும் அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் குளோரின் போட்டு வருகிறது. பல வீடுகளில் இரண்டும் ஒரே சின்டெக்ஸில்தான் விழும். போன வாரம் மாற்றிய தண்ணீர் போர், இந்த வாரம் காவிரி. நமக்குக் குளிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மீனுக்கு அது ஊர் விட்டு ஊர் போவது போல. ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் எடுத்து, ஒரு டிரம்மில் தனியாகப் பிடித்து வையுங்கள்.

இன்னொரு பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் மீன் தொட்டிக்கு ஊற்றுவது. அது போர்த் தண்ணீரின் உப்புகள் இன்னும் செறிந்து நிற்கும் தண்ணீர். மாடி கழுவ உதவும், மீனுக்கு வேண்டாம். அதற்காகச் சுத்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவதும் தவறு. தாது உப்பு இல்லாத தண்ணீரில் பி.எச். எந்த நாளும் சட்டென்று சரியலாம்.

கடினத் தண்ணீரில் பி.எச். 8-ஐத் தாண்டி நிற்கும்போது அமோனியாவின் குணமே மாறிவிடுகிறது. 28 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்கு கூட நஞ்சு வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8.2 என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நஞ்சு. கிட் காட்டும் எண் இரண்டு தொட்டியிலும் ஒன்றாகவே இருக்கும்.

அமோனியா இருந்தால் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியில் சாகாது. குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள். குளோரினுக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கல்லே போதும். 100 கிராம் ஹைப்போவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 100 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு அந்தக் கரைசலில் 15 மி.லி.; லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் இருந்தாலும் அது முறித்துவிடும். நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது.

எதைப் போடுவதற்கும் முன் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 54 லிட்டர் என்று கணக்கு வரும். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக உள்ளே நிற்பது 45 லிட்டர்தான். மருந்தை 45-க்குத்தான் அளக்க வேண்டும், மூடியால் அல்லாமல் சிரிஞ்சால். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். மருந்து முழுவதையும் அது குடித்துவிடும்.

வெள்ளைப்புள்ளி நோய்

கண்ணுக்குத் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அந்த நிலையில் எந்த மருந்தும் அதைத் தொடாது, மீனின் தோலே அதற்குக் கவசம். தின்று கொழுத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, அடியில் மணலில் ஒட்டி, கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அப்போதும் மருந்து உள்ளே போகாது. கூட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சு ஒட்டுண்ணி மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாளில்தான் உப்பும் மருந்தும் அதைக் கொல்லும்.

இதனால்தான் மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் “குணமாயிடுச்சு” என்று நிறுத்தியவர் வீட்டில் எட்டாம் நாள் பத்து மடங்கு புள்ளி வருகிறது. மறைந்தவை சாகவில்லை. உதிர்ந்து மணலுக்குப் போயிருக்கின்றன.

வெப்பத்தைக் கூட்டினால் இந்தச் சுழற்சி வேகமாக ஓடும், மருந்துக்கு அகப்படும் நிலை சீக்கிரம் வரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரியில் நிறுத்துங்கள். கோல்டு பிஷ்ஷுக்கு 28 போதும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட்டே ஆக வேண்டும். உப்பு லிட்டருக்கு 2 கிராம். 45 லிட்டருக்கு 90 கிராம், அதை 30 கிராமாக மூன்று முறை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், தனியே கரைத்து ஊற்றுங்கள். எடை மெஷினில் நிறுங்கள். கல் உப்பின் பருமனைப் பொறுத்து ஸ்பூன் அளவு மாறும். இரண்டு நாளுக்கு ஒரு முறை டியூப் வைத்து அடிமணலை உறிஞ்சி கால் பங்கு தண்ணீரை வெளியேற்றுங்கள். கூடுகள் அங்கேதான் இருக்கின்றன. 11 லிட்டர் எடுத்தால் திரும்ப ஊற்றும் 11 லிட்டரில் 22 கிராம் உப்பு. ஆவியாகி வற்றியதை நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இப்படியே போக வேண்டும்.

கோரிடோராஸ், லோச், சக்கர் போன்ற செதிலற்ற அல்லது அடியில் வாழும் மீன்களுக்கு உப்பைப் பாதியாக்குங்கள். உப்பு தாங்காத செடிகளை முன்பே வேறு பக்கெட்டுக்கு மாற்றுங்கள். மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகள் இந்த மீன்களுக்கு இன்னும் கடுமை. அந்த மருந்து போட்ட தண்ணீர், சாப்பிட வளர்க்கும் விரால் தொட்டிக்கோ திலேப்பியா குளத்துக்கோ ஒரு சொட்டும் போகக் கூடாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை ராத்திரிகளில் ஹீட்டர் இல்லாத தொட்டிகளில் இந்த நோய் எளிதாகக் கிளம்பும். பகலுக்கும் ராத்திரிக்கும் ஏழெட்டு டிகிரி ஏறி இறங்கினால் மீனின் தடுப்பு சக்தி விழுந்துவிடுகிறது. லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் பொதுக் கணக்கு. அந்தக் குளிருக்கு ஒன்றரை வாட் வையுங்கள். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். சூடாக இருக்கும்போதே தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கும்.

பஞ்சு போலத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை

இந்தக் குழப்பம் அதிக உயிர்களை வாங்குகிறது. காயத்திலிருந்து நூல் நூலாக எழுந்து, தண்ணீரில் அலைபாய்ந்தால் பூஞ்சை. தனி டப்பில், ஒரு சதவீத மெத்திலீன் ப்ளூ 10 லிட்டருக்கு 2 மி.லி. என்ற அளவில் கொடுக்கலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் செடியும், அமோனியாவை முறிக்கும் ஃபில்டர் பாக்டீரியாவும் கெடும், சிலிக்கான் நீலமாகும்.

வாய் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு, அல்லது முதுகுத் துடுப்புக்குக் கீழே சேணம் வைத்தாற்போலச் சாம்பல் நிறப் பட்டை, ஓரம் லேசாக மஞ்சள் என்றால் அது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா. கப்பி, மோலி, ஃபைட்டரில் இரண்டே நாளில் கொன்றுவிடும். இதற்கு வெப்பம் ஏற்றினால் பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பது போல. வெள்ளைப்புள்ளி என்று நினைத்து 30 டிகிரிக்கு ஏற்றிய தொட்டிகள் மாலைக்குள் காலியாவது இதனால்தான். 24, 25 டிகிரியில் வைத்து, காற்றைக் கூட்டி, மீனைத் தனியாக்கி, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதை விட்டுவிடுங்கள். அந்த மருந்து தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு பிணைந்துகொள்ளும். நம் போர்த் தண்ணீரில் பெரும்பங்கு அப்படியே முடங்கிப்போய், மீனுக்குள் போவது சொற்பம். மிச்சம் இருப்பது ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கவும், கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடவும் போதும். தீனியில் கலந்து உள்ளே போகிற மருந்துதான் வேலை செய்யும், அதற்கும் மீன் இன்னும் தின்கிற நிலையில் இருக்க வேண்டும்.

புது மீன் வரும்போது

இங்கே விற்கும் மீன்களில் பெரும்பங்கு சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆக்சிஜன் கவரில் வருகிறது. கொளத்தூரில் மாலை கட்டிய கவர் இங்கே பிரிக்கும்போது பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். அவ்வளவு நேரமும் மீன் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கி பி.எச்.-ஐக் கீழே இறக்கியிருக்கும். கழிவின் அமோனியா நிறைய சேர்ந்திருந்தாலும், பி.எச். தாழ்ந்திருப்பதால் பெரிய தீங்கு செய்யாமல் இருக்கும். கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அதே அமோனியா நஞ்சாக மாறுகிறது. அந்த நேரத்தில் டியூபில் சொட்டுச் சொட்டாக நம் பி.எச். 8.2 தண்ணீரை இரண்டு மணி நேரம் விடுவது, அக்கறையோடு செய்யும் கெடுதல்.

நீண்ட பயணம் செய்த மீன் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய கவரை அப்படியே இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். வெப்பம் சமமானதும் திறந்து, பக்கெட்டின் மேல் வலையைப் பிடித்துக் கவரைக் கவிழ்த்து, மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். கவர்த் தண்ணீர் ஒரு துளியும் உள்ளே வேண்டாம். பக்கத்துத் தெருக் கடையில் அரைமணி நேரத்துக்கு முன் வாங்கியது என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரைக் கலந்து நாற்பது நிமிடம் பழக்கலாம்.

மாற்றும் தொட்டி, தனித் தொட்டி. 40 லிட்டர் போதும். மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. பைப், மூடி, ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்ச் முன்பே ஒரு மாதம் பெரிய தொட்டியில் ஓடியிருக்க வேண்டும். புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது, மூன்றாம் நாளே அமோனியா ஏறும். வலை, டியூப், பக்கெட் எல்லாம் அந்தத் தொட்டிக்குத் தனியாக இருக்கட்டும். ஈர வலை ஒன்று போதும் நோயைக் கடத்த. இடமில்லை என்பவர்கள் பிளாஸ்டிக் டப்பில் செய்யலாம்.

புது மீன் இதில் நான்கு வாரம் இருக்கட்டும். முதல் நாள் தீனி இல்லை. இரண்டு வாரம் பார்ப்பது மட்டுமே வேலை: இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், தோலில் தங்கத்தூள் போல மின்னினால் வெல்வெட் நோய். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் எட்டிப் பார்த்தால் குடல்புழு. கோல்டு பிஷ், கோய் மீன்களின் துடுப்படியில் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. நோய் தெரியாமல் மருந்து முன்கூட்டியே ஊற்றத் தேவையில்லை. நான்காம் வாரம் பெரிய தொட்டியின் தண்ணீரைத் தினமும் ஒரு லிட்டர் இதில் ஊற்றுங்கள். பழைய மீன்கள் தாங்கிக்கொண்டிருக்கும் கிருமி புது மீனுக்குப் புதிது. இந்த நான்கு வாரத்தில் ஏதாவது நோய் தெரிந்தால் அது குணமான நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும்.

வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழம் போல விரிந்து நின்றால் சிறுநீரகம் செயலிழந்திருக்கும், பெரும்பாலும் திரும்பாது. வாரக்கணக்கில் அதைத் துன்புறுத்தாதீர்கள். லிட்டருக்கு 0.4 மி.லி. சுத்தக் கிராம்பு எண்ணெயை ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு குலுக்கி, மீன் இருக்கும் சிறு டப்பில் மெதுவாக ஊற்றுங்கள். செவுள் நின்ற பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள். ஃப்ரீசரில் வைப்பதும் கழிவறையில் ஊற்றுவதும் கொடுமை.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீன்களிலுள்ள ஒருவகை மைக்கோபாக்டீரியா அந்த வழியே ஏறி, மாதக்கணக்கில் ஆறாத கட்டியைத் தரும். விரலில் அப்படி வந்தால் மருத்துவரிடம் “மீன் தொட்டி வைத்திருக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள்.

வளர்க்க முடியாமல் போன மீனை, பிழைத்துப் போகட்டும் என்று ராமாக்காள் ஏரியிலோ பாரூர் ஏரியிலோ கிருஷ்ணகிரி அணையிலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், திரும்ப எடுத்துக்கொள்கிற கடைகள் உண்டு. செத்த மீனை மண்ணில் ஓரடி ஆழத்தில் புதையுங்கள். நோய்த் தொட்டியின் தண்ணீரைக் கால்வாயில் விடாமல், நிலத்தில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள்.