தோடியின் காந்தாரமும் 44,100 எண்களும்

நண்பர் ஒருவர் ஒரு மாலையில் என் அறைக்கு வந்து தோடி ராகத்தில் பத்து நிமிடம் ஆலாபனை பாடினார். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தோம். பதிவு நன்றாகவே வந்தது. இசைத் தயாரிப்பு மென்பொருளை நான் அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தேன். அந்த ஆர்வத்தில், அவர் கிளம்பியதும், சுருதியைத் திருத்தும் ப்ளகின் (மென்பொருளோடு இணைக்கும் சிறு துணை நிரல்) ஒன்றை அந்த டிராக்கில் போட்டு வைத்தேன். மறுநாள் கேட்ட நண்பரின் முகம் வாடிவிட்டது. "காந்தாரம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு விடை தேடப் போனபோதுதான், திரையில் இருக்கும் ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் என்ன கணக்கு ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கணக்கு பெரும்பாலும் எளிமையானதுதான். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் குரல் எப்படி எண்ணாகிறது என்று பார்ப்போம். மைக்கில் இருக்கும் மெல்லிய சவ்வு காற்றின் அசைவுக்கு ஏற்ப ஆடுகிறது. அந்த ஆட்டம் மின்னழுத்தமாகிறது. கணினியோடு இணைத்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அந்த மின்னழுத்தத்தை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. திரையில் கம்பளிப்பூச்சி போலத் தெரியும் கோலம் அந்த எண்களின் வரிசைதான்.

ஏன் இந்த விநோதமான எண்? 1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்குக் கொள்ளளவு கொண்ட மலிவான சாதனம் வீடியோ டேப்தான். படத்துக்குப் பதிலாக ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி டேப்பில் எழுதினார்கள். ஒரு வரிக்கு 3 எண்கள், ஒரு புலத்துக்கு (வீடியோவில் ஒரு முழுப் படத்தின் பாதி) 245 வரிகள், விநாடிக்கு 60 புலங்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய வீடியோ முறையில் 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதே எண் வருகிறது. 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது இந்த எண்ணையே சுவீகரித்துக்கொண்டது. வீடியோ டேப் மறைந்துவிட்டது. அதன் கணக்கு மட்டும் இன்று நம் கைபேசியில் ஓடும் பாட்டிலும் இருக்கிறது.

எண் தற்செயலாக வந்தாலும் அளவு தற்செயலானது அல்ல. ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க வேண்டுமானால் அதைப் போல இரு மடங்குக்கு மேலான வேகத்தில் அளக்க வேண்டும். பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு அடித்தளம் போட்டார். கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் முழு நிறுவலைத் தந்தார். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். 44,100இல் பாதி 22,050. ஆக, காதுக்கு எட்டும் எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகிறது.

இங்கே பரவலாக ஒரு தவறான படம் உலவுகிறது. டிஜிட்டல் ஒலி படிக்கட்டு போன்றது, அசல் ஒலியின் வளைவுகள் அதில் தொலைந்துவிடும் என்று பலர் இன்னும் எழுதுகிறார்கள். ஷானன் நிறுவியது நேர்மாறானது. 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலிக்கு, அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போகக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஸ்பீக்கருக்குப் போகும்போது அந்த வளைவுதான் திரும்ப வருகிறது, படிக்கட்டு அல்ல.

எல்லையைத் தாண்டினால்தான் வில்லங்கம். பழைய படங்களில் வேகமாக ஓடும் குதிரை வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியும் அல்லவா? விநாடிக்கு 24 படங்கள் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நடந்ததைத் தவறவிடுவதால் வரும் மயக்கம் அது. ஒலியிலும் அப்படியே. 30,000 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், அது 14,100 ஹெர்ட்ஸில் ஒரு பொய்யான ஒலியாக முளைக்கும். பதிவின்போது இன்டர்ஃபேஸில் இருக்கும் வடிகட்டி இதைத் தடுத்துவிடுகிறது. ஆனால் ஒலியைக் கரகரப்பாக்கும் ப்ளகின்கள் மென்பொருளுக்குள்ளேயே புதிய உயர் அதிர்வுகளை உண்டாக்கும். அவற்றில் இருக்கும் ஓவர்சாம்பிளிங் பொத்தான் இந்தப் பொய் ஒலிகளைக் குறைக்கத்தான்.

ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது அடுத்தது. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். அளவுகோலின் உச்சி பூஜ்ய டெசிபல். பாடுபவர் திடீரென்று மேல்ஸ்தாயிக்குப் போய் அந்த உச்சியைத் தாண்டினால், அலையின் தலை மொட்டையாகி வெடிப்பாகக் கேட்கும். பதிவில் வெட்டுப்பட்ட தலையை எந்த ப்ளகினும் அப்படியே மீட்டுத் தராது. 24 பிட்டில் கீழே ஏராளமான இடம் இருப்பதால், மீட்டர் மைனஸ் 18 டெசிபல் அளவில் அசைந்தாலே போதும். பச்சை விளக்கு பாதியில்தான் எரிகிறதே என்று பயந்து சத்தத்தை ஏற்றுவது, புதிதாகப் பதிவு செய்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

குரல் எண்ணான பிறகு மீதியெல்லாம் கணக்குதான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினால் எல்லா எண்களும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன. 6 டெசிபல் ஏற்றினால் ஏறத்தாழ இரண்டால். குரலும் தம்புராவும் மிருதங்கமும் மிக்ஸ் ஆவது வெறும் கூட்டல். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ மட்டும் எனக்கு நெடுநாள் புதிராகவே இருந்தது. எண் வரிசைக்கு எது தாழ்ந்த ஒலி, எது உயர்ந்த ஒலி என்று எப்படித் தெரியும்?

பக்கத்து எண்கள் இரண்டிரண்டாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். 10, 11, 12 என்று மெதுவாக மாறும் வரிசை 10.5, 11.5 ஆகிறது, கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. 10, மைனஸ் 10, 10 என்று துள்ளும் வரிசை 0, 0 ஆகிவிடுகிறது. மெதுவாக மாறுவது தாழ்ந்த ஒலி, துள்ளுவது உயர்ந்த ஒலி. ஒலியை அதன் ஒரு கணம் பிந்திய நகலோடு சேர்த்ததிலேயே உயர்ந்த ஒலி மட்டும் வடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் விற்கும் ஈக்யூ ப்ளகின்கள் எல்லாம் இதன் விரிவுதான்: எத்தனை நகல், எவ்வளவு பிந்தியது, ஒவ்வொன்றையும் எதனால் பெருக்குவது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

ஓர் எல்லையைத் தாண்டும் சத்தத்தை அழுத்திக் குறைக்கும் கம்ப்ரஸரும் பெருக்கல்தான், ஆனால் கணத்துக்குக் கணம் பெருக்கும் எண் மாறுகிறது. எல்லையை மைனஸ் 18 டெசிபலில் வைத்து, விகிதம் நாலுக்கு ஒன்று என்று கொடுத்தால், மைனஸ் 10இல் வரும் குரல் எல்லையை 8 டெசிபல் தாண்டுகிறது. அதில் நாலில் ஒரு பங்கான 2 டெசிபலை மட்டும் விட்டு, மைனஸ் 16 ஆக்கி அனுப்புகிறது. எவ்வளவு சீக்கிரம் அழுத்துவது என்பதைச் சொல்வது அட்டாக் குமிழ். மிருதங்கத்தில் இதைக் கேட்டுப் பழகலாம். அட்டாக்கை 1 மில்லி விநாடியில் வைத்தால் விரல் தோலைத் தொடும் அந்த முதல் சொல்லே மழுங்கிவிடும். 20இல் வைத்தால் விரலின் தாக்கம் தப்பித்துக்கொள்ளும், பின்னால் வரும் நாதம் மட்டும் அடங்கும்.

ஆனால் இந்தக் குமிழ்களைக் கற்பவர் யாராக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. சத்தம் கொஞ்சம் கூடினாலே ஒலி "நன்றாக" இருப்பதாக நமக்குத் தோன்றும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதன் அடிப்படையை அளந்து காட்டினார்கள். தாழ்ந்த சத்தத்தில் நம் காது அடித்தள ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. சத்தம் கூடக் கூடத்தான் அவை எழுந்து வருகின்றன. ஆகவே ஏதோ ஒரு ப்ளகினைப் போட்டதும் குரல் செழுமையானது போலத் தோன்றினால், அது வெறுமனே 2 டெசிபல் ஏற்றியிருக்கவும் கூடும். பல ப்ளகின்கள் அப்படித்தான் செய்கின்றன.

இதற்கு மருந்து எளிது. ப்ளகினின் வெளியீட்டைக் குறைத்து, போடாதபோது இருந்த சத்தத்துக்கு மீட்டரில் சமன் செய்துகொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ப்ளகின் இயங்குகிறதா இல்லையா என்பது மறக்கும்வரை, அதை நிறுத்தி இயக்கும் பைபாஸ் பொத்தானைப் பலமுறை அழுத்துங்கள். அதன்பின் கேட்டு, எது பிடித்திருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். இதை வழக்கமாக்கிய முதல் வாரத்திலேயே என் மிக்ஸில் இருந்த ப்ளகின்களில் பாதியைக் கழற்றிவிட்டேன். பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

பாடும்போது ஹெட்ஃபோனில் தன் குரலே பிந்திக் கேட்பது இன்னொரு தொல்லை. கணினி எண்களை ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை, கூடை கூடையாக அள்ளுகிறது. ஒரு கூடை 256 எண்கள் என்றால் 5.8 மில்லி விநாடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி சுமார் 2 மீட்டர் போயிருக்கும். கூடையை 1,024 ஆக்கினால் 23 மில்லி விநாடி, கிட்டத்தட்ட 8 மீட்டர். மேடையில் மிருதங்கக்காரரை அவ்வளவு தூரம் தள்ளி உட்காரவைத்தால் பாடகர் ஒப்புக்கொள்வாரா? பதிவின்போது இந்தக் கூடையை, அதாவது பஃபரைச் சிறிதாகவும் மிக்ஸிங்கின்போது பெரிதாகவும் வையுங்கள். அவ்வளவுதான்.

இனி காந்தாரத்துக்கு வருவோம். சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்பு எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். பூமிக்குள் அனுப்பிய அதிர்வின் எதிரொலியைக் கணக்கிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அங்கே பயன்பட்ட கணித முறைகளில் ஒன்றைத்தான் குரலுக்குக் கொண்டுவந்தார். குரலின் எண் வரிசையை நகலெடுத்து, அசலின் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் இரண்டும் மறுபடி பொருந்துகிறதோ, அந்த நகர்வுதான் ஓர் அதிர்வின் நீளம். 220 ஹெர்ட்ஸில் பாடினால் சுமார் 200 எண்கள் நகர்த்தியதும் பொருந்தும். சுருதி தெரிந்துவிட்டது. அதை அரைச் சுரம் உயர்த்த, ஒவ்வொரு சுழற்சியையும் சுமார் 189 எண்களுக்குள் சுருக்கி, குறையும் நேரத்தை ஈடுகட்ட ஆங்காங்கே ஒரு சுழற்சியைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

கணக்கில் குறையில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதில்தான் பிரச்சினை. நான் எதையும் மாற்றாமல் விட்டிருந்த அமைப்பு, ஸ்தாயியைப் பியானோவின் 12 கட்டைகளாகப் பிரித்து, குரல் எதற்கு அருகில் இருக்கிறதோ அதில் உட்காரவைத்தது. தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் நிற்கும் சுரம் அல்ல. ரிஷபத்தின் பக்கத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சல் போல அசைந்துகொண்டிருப்பதே காந்தாரம். மென்பொருள் அந்த ஊஞ்சலின் பாதையை வெட்டி மூன்று படிகளாக அடுக்கிவிட்டது. கமகம் என்னும் அந்த அசைவு அதற்குப் பிழையாகத் தெரிந்தது.

அசையாத சுரத்திலும் பேதம் உண்டு. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்களாகப் பிரித்தால், பியானோ அமைப்பு அந்தர காந்தாரத்தை 400இல் வைக்கும். தம்புராவின் சட்ஜத்தோடு இழைந்து, ஐந்துக்கு நாலு என்ற விகிதத்தில் பாடும் அந்தர காந்தாரம் 386இல் இருக்கும். 14 சென்ட் என்பது சிறிய அளவுதான். ஆனால் பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டிருக்கையில் அந்த உரசல் காதில் விழும். கர்நாடக இசையைப் பதிவு செய்பவர்கள் இந்த ப்ளகினைத் தானாக ஓடவிடக் கூடாது. வரைபடமாகத் திறந்து, நீண்டு நிற்கும் சுரம் ஏதேனும் உண்மையிலேயே பிசகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் கையால் நகர்த்த வேண்டும்.

நண்பரின் ஆலாபனையில் அப்படி நகர்த்த ஓரிடம்கூட இல்லை. ப்ளகினைக் கழற்றினேன், காந்தாரம் திரும்பி வந்தது. போர்வையால் அடைத்த அறையின் வறட்சி மட்டும் குரலில் மிச்சமிருந்தது.

அதற்காக எங்கள் ஊர்க் கோயிலின் கல் மண்டபத்தில், கூட்டமில்லாத நண்பகலில், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்தோம். வெடிப்பும் அது தூண்களில் பட்டுத் தேய்ந்து மறைவதுமாக 2 விநாடி, அதாவது 88,200 எண்கள். ஆலாபனையின் ஒவ்வொரு எண்ணையும் ஒரு குட்டி வெடிப்பாக நினைத்து, அதன் அளவுக்கு ஏற்பப் பெருக்கிய மண்டப எதிரொலியை அங்கங்கே வைத்து எல்லாவற்றையும் கூட்டினால், குரல் அந்த மண்டபத்தில் பாடியதாகிவிடும். கன்வல்யூஷன் ரிவர்ப் என்பது இதுதான். நேரடியாகச் செய்தால் ஒரு விநாடிப் பாட்டுக்கு 389 கோடி பெருக்கல்கள் வேண்டும். கணிதவியலாளர்கள் கூலியும் டூகியும் 1965இல் வெளியிட்ட விரைவு ஃபூரியர் கணக்குமுறை அந்தச் சுமையை வெகுவாகக் குறைத்ததால்தான் சாதாரண மடிக்கணினியிலும் இது ஓடுகிறது.

நண்பர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடமும் கேட்டார். காந்தாரம் வந்த இடத்தில் அவர் வலது கை தானாக எழுந்து அசைந்தது.