ஸ்டேட்டிக் ஐபி வாங்கியும் கடை கேமரா ஏன் தெரியவில்லை?

கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிசினஸ் இணைப்பில் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கினேன். சொந்த ரவுட்டரை மாட்டி, போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டாச்சு. வீட்டிலிருந்து பார்த்தால் கேமரா வரவே இல்லை. ஐபி தப்பா?"

ஐபி சரியாகத்தான் இருக்கும். உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் அது உள்ளுக்குள் மட்டும் செல்லும் முகவரி; காசு கொடுத்து வாங்கிய முகவரி உங்கள் ரவுட்டருக்கு வந்து சேரவில்லை. ஃபைபர் வந்து இறங்கும் ஓஎன்டி பெட்டியே அதை வைத்துக்கொண்டு, நடுவில் நாட் (NAT) என்ற வேலையைச் செய்கிறது.

பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவை போதாமல் போகும் என்று தெரிந்து 1994-இல் முன்வைத்த வழிதான் நாட்: பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது. இணையத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. உங்கள் மடிக்கணினி 192.168.1.20 என்ற முகவரியின் 51000-ஆம் போர்ட்டிலிருந்து (எந்த நிரலின் பேச்சு என்று காட்டும் எண்) ஒரு பாக்கெட், அதாவது தகவல் துண்டு, அனுப்புகிறது. ரவுட்டர் அந்த அனுப்புநர் முகவரியை எடுத்துவிட்டுப் பொது ஐபியைப் போடுகிறது. போர்ட்டை 40312 என்று மாற்றுகிறது. பாக்கெட் பழுதில்லையா என்று பார்க்க உதவும் செக்சம் எண்ணையும் திருத்திவிட்டு, என்ன மாற்றினோம் என்று தன் அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் 40312-க்கு வந்ததும் அதே வரியைப் பார்த்துப் பழைய முகவரியைப் போட்டு உள்ளே விடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இத்தனை வேலை நடக்கிறது. அனுப்பிய மடிக்கணினிக்கும் தெரியாது, பதில் சொன்ன சர்வருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் அந்த வரி அழிந்துவிடும்.

சரி, வெளியிலிருந்து ஒருவர் முதலில் பேச வந்தால்? அட்டவணையில் வரி இல்லை. பாக்கெட் உள்ளே போகாது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது நாமே முன்கூட்டி எழுதிவைக்கும் வரி. நீங்கள் எழுதியது உள்ளே இருக்கும் ரவுட்டரில். வாசலில் நிற்பதோ ஓஎன்டி. அதனிடம் அந்த வரி இல்லை.

ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித்தரும்படி இணைய நிறுவனத்திடம் சொல்லுங்கள். அதன்பின் அது நாட் செய்யாது. ஒளியில் வருவதை அப்படியே ஈத்தர்நெட்டில் தள்ளும். பிபிபிஓஇ (PPPoE) என்ற, யூசர்நேம் கொடுத்து நுழையும் இணைப்பு என்றால் யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் (VLAN) எண் மூன்றையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நேரடியாக ஐபி போடும் இணைப்பில் மாஸ்க் (தொகுதியில் எத்தனை முகவரிகள் என்று காட்டும் எண்) 255.255.255.252 என்றிருந்தால் அதில் நான்கே முகவரிகள். முதலும் கடைசியும் பயன்படாது, ஒன்று கேட்வே (நிறுவனத்தின் பக்க வாசல்), மிச்சம் ஒன்று உங்களுடையது.

வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் கதையே வேறு. இணைய நிறுவனமே தன் பக்கம் ஒரு நாட் வைத்திருக்கிறது. ஸ்டேட்டிக் ஐபி உங்கள் இணைப்பில் இன்னும் ஏறவில்லை. உடனே புகார் கொடுங்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் முகவரிப் பஞ்சமே கிடையாது. கைபேசிக்கெல்லாம் அதைக் கொடுக்கும் நாட்டில், சிறு கடைக்காரரிடம் ஓர் ஐபிவி4 முகவரிக்காக மாதாமாதம் தனிக்காசு வாங்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்புறம், கேமராவின் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ரவுட்டரிலேயே வயர்கார்ட் விபிஎன் (சாவி உள்ளவருக்கு மட்டும் திறக்கும் ரகசியப் பாதை) போட்டு, அதன் வழியாகக் கேமராவைப் பாருங்கள். சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது.