கொத்தணி: காம்பைத் தேடும் சொல்

கொரோனாத் தொற்று பரவிய 2020 ஒக்டோபரில் இலங்கைத் தமிழ்ச் செய்திகளைக் கேட்டவர்களுக்கு ‘கொத்தணி’ என்ற சொல் மறந்திருக்காது. மினுவாங்கொடைக் கொத்தணியில் இன்று எத்தனை தொற்றாளர்கள், பேலியகொடைக் கொத்தணியில் எத்தனை பேர் என்றுதான் அன்றாடக் கணக்குச் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தின் ‘கிளஸ்டர்’ என்பதற்கு நாம் வழங்கிய தமிழ் அது.

கிளஸ்டர் பழைய ஆங்கிலச் சொல். ஒரே காம்பில் நெருங்கித் தொங்கும் பழங்களை, குறிப்பாகத் திராட்சைக் குலையை, அது குறித்தது. நோயியலில் ஒரே இடத்தோடும் காலத்தோடும் தொடர்புடைய தொற்றாளர்களின் தொகுதிக்கு அது பெயரானது.

தமிழில் கொத்து என்றாலும் அதே படம்தான் மனத்தில் விரிகிறது: பூங்கொத்து, மாங்கொத்து, சாவிக்கொத்து. (மண்ணைக் கொத்துவதும், யாழ்ப்பாணத்தில் அரிசி அளக்கும் கொத்தும் வேறு பொருள்.) கொத்தோடு அணி சேர்ந்து கொத்தணி ஆயிற்று. இது தொற்றுக்காலத்தில் புதிதாகப் பிறந்த சொல்லும் அன்று. அயற்பாடசாலைகளை ஒன்றிணைத்த ‘கொத்தணிப் பாடசாலை’ முறையில் ஆசிரியர்கள் அதை அறிந்திருந்தார்கள். போர்க்காலத்தில் ‘கொத்தணிக் குண்டு’ என்று அச்சத்தோடும் அதை உச்சரித்திருக்கிறோம்.

சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் இதைக் ‘குழுமம்’ என்கின்றன. அங்கே அது நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆனாலும் குழுமுதல் மனிதர் விரும்பிக் கூடுவது. தொற்றில் யாரும் விரும்பிச் சேர்வதில்லை. ‘திரள்’ என்றால் எண்ணிக்கை கைநழுவிப்போன தொனி வந்துவிடுகிறது. கொத்தணியில் ஒவ்வொன்றையும் எண்ணலாம். எல்லாம் எந்தக் காம்பில் தொங்குகின்றன என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வி சொல்லுக்குள்ளேயே இருப்பதால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

இலங்கையின் தொடக்கக் காலத்தைப் பாருங்கள். 2020 ஜனவரி 27 அன்று இனங்காணப்பட்ட முதல் தொற்றாளர் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. மார்ச்சில் உள்நாட்டவருள் முதலாவதாக இனங்காணப்பட்டவர், இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். தனித்தனிக் கனிகள்; இன்னும் கொத்து உருவாகவில்லை. ஏப்ரலில் வெலிசறைக் கடற்படை முகாமில் பெரிய கொத்து ஒன்று உருவானது. தனிமைப்படுத்தலுக்கு ஆட்களை அழைத்துச்செல்லும் பணியில் கடற்படையினர் ஈடுபட்டிருந்ததால் காம்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஜூலையில், போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கான கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம். அங்கேயும் சுவர்களுக்குள் நின்று எண்ண முடிந்தது. ஒக்டோபர் தொடக்கம்வரை நாடு முழுவதற்கும் சுமார் 3,400 தொற்றாளர்கள், 13 மரணங்கள்.

பிறகு மினுவாங்கொடை. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இத்தனை பேருக்கு இவ்வளவு விரைவில் உறுதியாகிறது என்றால், நோய் சில நாட்களாகவே அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் பழி அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. முதலில் இனங்காணப்பட்டவர் வேறு, முதலில் தொற்றியவர் வேறு. கொத்தில் நம் கை முதலில் பட்ட கனியைக் காம்பு என்று சொல்லிவிட்டோம். சொல்லின் பொருளை நாமே கைவிட்ட இடம் அது.

காம்பைக் காட்ட முடியாத நிலைக்கு வேறு பெயர் உண்டு: சமூகப் பரவல். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கொத்தணிக்கு அடுத்த படி அது. எனவே ஒவ்வொரு தொற்றாளரையும் ஏதோ ஒரு கொத்தணியில் சேர்த்து எழுதுவது வெறும் கணக்கெழுதும் வேலை அன்று. காம்பு தெரியும் என்று உறுதிகூறுவதாகும். தெரியாதபோது அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது.

ஊர்ப்பெயரை முன்னொட்டாக வைப்பதிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பேலியகொடை மீன் சந்தையின் பெயர் தொற்றோடு ஒட்டிக்கொண்டபின் மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டி, பயப்படாமல் வாங்குங்கள் என்று கேட்க நேர்ந்தது. ‘பேலியகொடைக் கொத்தணி’ என்பதைவிட ‘பேலியகொடைச் சந்தையில் இனங்காணப்பட்ட கொத்தணி’ என்பது நீளம்தான். ஆனாலும் நான் அப்படியே எழுதுகிறேன்.